பிறர் தீட்டிய நிலவு

இத்தாலியில் ரோம் நகருக்கு வடக்கே விதெர்போ என்னும் பழைய ஊர் உள்ளது. அவ்வூரின் புனித பிரான்சிஸ் ஆலயத்திற்காக 1516-ஆம் ஆண்டையொட்டிச் செபாஸ்தியானோ தெல் பியோம்போ என்ற ஓவியர் ஒரு படத்தைத் தீட்டினார். ஏறத்தாழ இரண்டரை மீட்டர் உயரமுள்ள மரப்பலகையில், தைல வண்ணத்தில் அமைந்த படம் அது. சிலுவையிலிருந்து இறக்கப்பட்ட இயேசுவின் உடல் வெண்துகிலின்மீது தரையில் கிடக்கிறது. அன்னை மரியாள் அதன் பின்னால் அமர்ந்திருக்கிறார். இத்தகைய படங்களில் மகனின் உடலைத் தாயின் மடியில் கிடத்துவதே வழக்கம். இங்கோ மடி வெறுமையாக இருக்கிறது. அவருடைய கைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருக்கின்றன. பார்வை மகன்மீது இல்லை. வானத்தை நோக்கி எழுந்திருக்கிறது. அங்கே மேகங்களுக்கிடையே முழுநிலவு. அதன் கீழே இருளில் ஆழ்ந்த நிலப்பரப்பு. ஐரோப்பிய ஓவியத்தில் இரவை இவ்வளவு பெரிய அளவில், இத்தனை துணிவோடு தீட்டிய தொடக்ககால முயற்சிகளுள் ஒன்று இது.

தைல வண்ணம் பயிலத் தொடங்கும் ஒருவர் இந்தப் படத்தைப் பார்த்துப் படியெடுக்க முனைகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு அவர் சொல்லும் காரணம் எளியது: நிலவொளியைத் தீட்டக் கற்க வேண்டும். வீட்டாரும் நண்பர்களும் கேட்கும் கேள்வியும் எளியதுதான். 'சொந்தமாக ஒன்றை வரையக் கூடாதா? ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் செய்து முடித்ததை மறுபடியும் செய்வதில் என்ன இருக்கிறது?'

இக்கேள்வியை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது. பிறருடைய நெறியைத் திறம்பட நடத்துவதைவிட, குறைவுபட்டதாயினும் தன் நெறியில் நிற்பதே மேல் என்னும் கருத்து கீதையில் வலியுறுத்தப்படுகிறது. அப்படியானால், இன்னொருவருடைய கோட்டின்மீது தன் கையை ஓட்டிக்கொண்டே ஆண்டுகளைக் கழிப்பவர் எதைச் சம்பாதிக்கிறார்? திறமையையா, அடிமைத்தனத்தையா?

கைக்குத் தெரியவரும் உண்மைகள்

முதலில், அவர் உண்மையில் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும்.

படத்தின் அச்சுப் பிரதியின்மீது சதுரக் கட்டங்கள் வரைகிறார். அதே எண்ணிக்கையில் கான்வாசிலும் கட்டங்கள் வரைந்து, கட்டம் கட்டமாக உருவங்களை மாற்றுகிறார். பிறகு பழுப்பு நிறத்தில் அடிப்பூச்சு. இருளும் ஒளியும் எங்கெங்கே என்பது மட்டும் அதில் முடிவாகும். அது காய்வதற்குக் காத்திருக்க வேண்டும். தைல வண்ணத்திற்கு அடிப்படை ஆளிவிதை எண்ணெய். தண்ணீரைப்போல் அது ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவை மெல்ல ஏற்று இறுகுகிறது. தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரச் சில நாட்கள், சில நிறங்களுக்கு அதற்கும் மேல். முழுவதும் இறுகப் பல மாதங்கள். எண்ணெய் குறைந்த பூச்சு அடியில், எண்ணெய் மிகுந்த பூச்சு மேலே என்பது விதி. அவசரப்பட்டு இதை மாற்றிச் செய்தால், மேற்பரப்பு முதலில் இறுகி, அடியிலுள்ளது பிறகு இறுகும்போது வெடிப்பு விழும். அவசரக்காரரின் அவசரம் சில ஆண்டுகளுக்குப் பிறகு படத்தின் முகத்திலேயே எழுதப்பட்டுவிடும்.

அடுத்து நிலவு. தொடக்கநிலையில் உள்ள எவரும் செய்யும் முதல் பிழை, வானத்திற்குக் கறுப்பையும் நிலவுக்கு வெள்ளையையும் எடுப்பதுதான். அப்படித் தீட்டிய வானம் வானமாக நிற்பதில்லை. சுவரில் விழுந்த ஓட்டையைப்போல் இருக்கும். நிலவும் ஒட்டவைத்த காகிதம்போல் தோன்றும். மூலப் படத்தை மீண்டும் உற்றுப் பார்க்கும்போதுதான், அந்த இருள் ஒரே கறுப்பால் ஆனதன்று என்பது புலப்படுகிறது. பழுப்பு, கரும்பச்சை, நீலம் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாக, ஒளி ஊடுருவும் மெல்லிய பூச்சுகளாக அமைந்து இருளாகியிருக்கின்றன.

இன்னொரு வியப்பும் காத்திருக்கிறது. நிலவு உருவங்களுக்குப் பின்னால், வானத்தில் இருக்கிறது. ஆயினும் இயேசுவின் மார்பிலும் வெண்துகிலிலும் ஒளி பளிச்சென்று விழுகிறது. பின்னால் உள்ள நிலவு முன்பக்கத்தை எவ்வாறு ஒளிரச் செய்யும்? கண்ணால் எத்தனையோ முறை படத்தைப் பார்த்தபோது தோன்றாத இக்கேள்வி, நிழல் எங்கே விழ வேண்டும் என்று தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறும்போது தோன்றுகிறது. இரவை உள்ளபடியே தீட்டினால் பார்ப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. முழுநிலவின் ஒளி, வெயிலைவிட ஏறக்குறைய 4 லட்சம் மடங்கு மங்கியது. அந்த ஒளியில் மனிதக் கண்ணுக்கு நிறங்களைப் பிரித்தறியும் ஆற்றல் அநேகமாக அடங்கிவிடுகிறது. நிலவொளி நீலமாகத் தோன்றுவதும் கண்ணின் இயல்பால் நேர்வதே. அளந்து பார்த்தால் அது வெயிலைவிடச் சற்றுச் சிவப்பு கலந்தது. ஆகவே ஓவியர் ஒரு முடிவுக்கு வர வேண்டியிருந்தது: எதைக் காட்டுவது, எதை இருளில் விடுவது? தாயின் துயரத்தையும் மகனின் உடலையும் காட்டுவதற்காக, இயற்கையில் இல்லாத ஓர் ஒளியைச் செபாஸ்தியானோ முன்பக்கத்திலிருந்து கொண்டுவந்தார். அந்த முடிவைப் படியெடுப்பவர் தம் கையால் மறுபடியும் எடுக்கிறார். பார்ப்பவருக்குக் கிடைக்காத ஒரு நெருக்கம் இது.

ஆளுக்கொரு முறையில் மேதைகள் பலரும் இவ்வழியே வந்திருக்கிறார்கள். மைக்கலாஞ்சலோ சிறுவனாக இருந்தபோது, ஜெர்மானியரான மார்ட்டின் ஷோன்கவர் செதுக்கிய படம் ஒன்றைப் பார்த்து வரைந்தார். புனித அந்தோணியாரைப் பிசாசுகள் வதைக்கும் காட்சி அது. பிசாசுகளின் உடலில் மீன்செதில்கள் இருந்தன. அவற்றைச் சரியாகத் தீட்டுவதற்காக அவர் மீன்சந்தைக்குப் போய் மீன்களைப் பார்த்துவந்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். படியெடுத்தல் அவரை இயற்கையிடமிருந்து பிரிக்கவில்லை. நேரே இயற்கையிடம் அனுப்பிவைத்தது.

நம் நாட்டில் ரவிவர்மாவின் இளமைக் கதை பலர் அறிந்ததே. திருவாங்கூர் அரண்மனைக்கு 1868-இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வந்தார். தைல வண்ண நுட்பத்தைக் கற்றுத்தர அவருக்கு மனமில்லை. தாம் வரைவதை அருகிலிருந்து பார்க்க மட்டும் அனுமதித்தார். அந்தப் பார்வையே ரவிவர்மாவுக்குப் பாடமாயிற்று.

மூலம் யாருடையது?

'பிறருடைய படம்' என்று சொல்கிறோமே, அதுவும் ஆராயத்தக்கது. விதெர்போ ஓவியத்தைச் செபாஸ்தியானோ தனியாகக் கற்பனை செய்யவில்லை. உருவங்களின் அமைப்பை வரைந்து கொடுத்தவர் மைக்கலாஞ்சலோ. வண்ணமும் நிலவும் நிலமும் செபாஸ்தியானோவுடையவை. வெனிஸ் நகரில் பயின்று 1511-இல் ரோமுக்கு வந்தவர் அவர். இவ்விருவரின் கூட்டுறவைப் பற்றி வசாரி எழுதியிருப்பது சுவையானது. அக்காலத்தில் ரோமில் ரஃபேலின் புகழ் ஓங்கியிருந்தது. தமது கோடும் செபாஸ்தியானோவின் வண்ணமும் சேர்ந்தால் ரஃபேலை மிஞ்சலாம் என்று மைக்கலாஞ்சலோ எண்ணினாராம்.

சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது. உலகின் ஆழ்ந்த துயரப் படங்களுள் ஒன்று பிறந்ததில் போட்டி மனப்பான்மைக்கும் பங்கு இருந்திருக்கிறது. 'சொந்தப் படைப்பு' என்ற பெருமைச் சொல்லின் உள்ளே பிறர் கோடும் பிறரோடு கொண்ட பகைமையும் இருக்கலாம். 'வெறும் நகல்' என்று இகழப்படுவதன் உள்ளே தூய சிரத்தை இருக்கலாம். வெளித்தோற்றத்தை மட்டும் வைத்து இவற்றை எடைபோட முடியாது.

அதற்காக, படியெடுத்தல் தன்னளவிலேயே தூய்மையானது என்று கொள்வதும் பிழை. அதே மைக்கலாஞ்சலோ 1496-ஐயொட்டி, உறங்கும் மன்மதனின் சிலை ஒன்றைச் செதுக்கி, பழங்காலத்துச் சிலைபோல் தோன்றுமாறு அதைப் பக்குவப்படுத்தினார். ஒரு தரகர் வழியாக அது கர்தினால் ரியாரியோவிடம் தொல்பொருளாகவே விற்கப்பட்டது. உண்மை வெளிப்பட்டபோது கர்தினால் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனால் செதுக்கிய இளைஞரின் திறமை அவரைக் கவர்ந்தது. மைக்கலாஞ்சலோ ரோமுக்கு வர அந்த ஏமாற்றே வழி திறந்தது. வரலாறு இதைக் குறும்பு என்று புன்னகையோடு சொல்கிறது. மேதைகளின் பிழைகளுக்கு உலகம் காட்டும் சலுகை அது. பின்பற்றத்தக்க முன்மாதிரி ஆகிவிடாது.

இருபதாம் நூற்றாண்டில் நடந்த இன்னொரு செய்தி இதைத் தெளிவாக்கும். ஹான் வான் மேகரென் என்ற டச்சு ஓவியர், எம்மாவுஸ் ஊரில் இயேசு சீடர்களோடு உணவருந்தும் காட்சியைத் தீட்டினார். அதைப் பதினேழாம் நூற்றாண்டு ஓவியர் வெர்மீரின் படைப்பாக 1937-இல் உலவவிட்டார். பேரறிஞர் ஒருவர் அது வெர்மீரின் கையே என்று சான்றளித்தார். ரோட்டர்டாம் அருங்காட்சியகம் அதைப் பெற்றுக்கொண்டது. 1945-இல் கைதான பிறகுதான் அவரே உண்மையைச் சொன்னார். 1947-இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதை அனுபவிக்குமுன் இறந்துபோனார்.

கவனிக்க வேண்டியது, வான் மேகரென் எந்தப் படத்தையும் பார்த்துப் படியெடுக்கவில்லை என்பதே. அந்தப் படம் எந்த வெர்மீர் ஓவியத்தின் நகலும் அன்று. அப்படியிருந்தும் அது பொய்யாயிற்று. லூவர் அருங்காட்சியகத்திலோ, அது திறக்கப்பட்ட 1793 முதலே ஓவியர்கள் அமர்ந்து பழைய படங்களைக் கோடு கோடாகப் படியெடுத்துவருகிறார்கள். அங்கு விதி கண்டிப்பானது: நகல், மூலத்தின் அளவில் இருக்கக் கூடாது, குறைந்தது ஐந்தில் ஒரு பங்காவது வேறுபட வேண்டும். மூல ஓவியரின் கையெழுத்தை வரையக் கூடாது. இவ்வளவு முழுமையாகப் பிறரைப் பின்பற்றியும் அங்கே பொய் இல்லை. போலி என்பது கையின் குற்றம் அன்று. 'இது என்னுடையது' என்றோ 'இது அவருடையது' என்றோ நாவு சொல்லும் இடத்தில்தான் அது பிறக்கிறது.

துயரத்தைப் பயிற்சியாக்கலாமா?

நண்பர்கள் கேட்காத, ஆனால் அதைவிடக் கடினமான ஒரு கேள்வியும் உண்டு. பயில்பவர் நிலவைக் கற்கவே இப்படத்தை எடுத்தார். ஆனால் அதில் ஒரு தாய் இருக்கிறார். இறந்த மகன் இருக்கிறான். கோடிக்கணக்கான மக்கள் கண்ணீரோடு வணங்கும் காட்சி அது. அதை வண்ணக் கலவைப் பாடமாக மட்டும் பயன்படுத்துவது முறையா? 'இந்த முழங்காலின் நிழலுக்கு எவ்வளவு பச்சை சேர்க்கலாம்' என்று கணக்கிடும் மனம், அது யாருடைய முழங்கால் என்பதை மறந்துவிடவில்லையா?

மறந்துவிடும் என்பதே உண்மை. முதல் சில வாரங்கள் முழுவதும் மறந்துதான் போகும். அதில் ஓரளவு நன்மையும் உண்டு. உணர்ச்சியில் மூழ்கிய கை நேர்கோடு வரையாது. மருத்துவரின் கை நடுங்காதிருப்பதை இரக்கமின்மை என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் எண்ணெய் காயும்வரை காத்திருக்கும் நாட்கள் வருகின்றன. தூரிகைக்கு வேலை இல்லை. பார்ப்பதற்கு மட்டுமே இடம். அந்நாட்களில் அந்தக் கோத்த கைகள் வேறுவிதமாகத் தெரியத் தொடங்கும். மடி ஏன் வெறுமையாக விடப்பட்டது என்ற எண்ணம் வரும். மகனைப் பார்க்காமல் வானத்தைப் பார்க்கும் அந்த முகத்தில் இருப்பது வேண்டுதலா, முறையீடா என்று தெரியாமல் தூரிகை நிற்கும். முகத்தைத் தீட்டும் முன் அதற்கு விடை கண்டாக வேண்டும். ஏனெனில் புருவத்தின் ஒரு சிறு வளைவு வேண்டுதலை முறையீடாக மாற்றிவிடும். நுட்பத்தைத் தேடிப் போனவரை நுட்பமே பொருளின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. உள்ளே போவதும் திரும்புவதும் அவர் விருப்பம்.

வின்சென்ட் வான்கோ இதற்கு ஒரு சான்று. 1889-இல் அவர் பிரான்சில் செயின்ட் ரெமி என்ற ஊரின் மனநோய் இல்லத்தில் தங்கியிருந்தார். அவரிடம் தெலக்ருவா என்ற ஓவியரின் படம் ஒன்று கறுப்பு வெள்ளை அச்சுப்பிரதியாக இருந்தது. அதுவும் இறந்த இயேசுவையும் அன்னையையும் காட்டும் படமே. அது எண்ணெயிலும் வண்ணத்திலும் விழுந்து பாழாயிற்று. அந்த வருத்தத்தில் அவர் அதைத் தைல வண்ணத்தில் படியெடுக்க அமர்ந்தார். அச்சில் நிறம் இல்லை. ஆகவே நிறங்களைத் தம் நினைவிலிருந்தும் உணர்விலிருந்தும் இட்டார். பிறர் இயற்றிய இசையை ஒருவர் வாசிப்பதில்லையா, அதுபோன்றதே இதுவும் என்று தம்பிக்கு எழுதிய கடிதத்தில் விளக்கம் சொன்னார். அப்படத்தில் இயேசுவின் தாடி சற்றுச் செந்நிறமாக இருக்கிறது. வான்கோவின் தாடியும் அதே நிறம். அவர் திட்டமிட்டுச் செய்தாரா என்பது வேறு செய்தி. நோயுற்ற ஒருவருக்குப் பிறர் வரைந்த துயரத்தில் தம் துயரத்தை வைக்க இடம் கிடைத்தது.

இங்கேதான் 'சொந்தம்' எது என்ற முதல் கேள்விக்கும் ஓரளவு விடை தென்படுகிறது. எவ்வளவு முயன்றாலும் நகல் மூலத்தைப்போல் அமைவதில்லை. பயில்பவருக்கு முதலில் அது தோல்வியாகத் தெரியும். தாடை கூர்மையாகிவிட்டது, மேகம் கனத்துவிட்டது. அழித்து மறுபடி தீட்டினாலும் அதே தாடை, அதே மேகம் திரும்ப வருகின்றன. வேண்டுமென்றே சேர்த்த மாறுதல் அன்று இது. முழு மனத்தோடு பிறராக முயன்றும் மிஞ்சி நின்ற மாறுதல். தன் இயல்பு இன்னது என்று அதுவரை அவருக்கே தெரியாது. 'எனக்கென்று ஒரு பாணி வேண்டும்' என்று தேடித் திரிபவர் பெரும்பாலும் கண்டெடுப்பது தம் அகங்காரத்தின் பாணியைத்தான். 1400-ஐயொட்டித் தம் கைநூலை எழுதிய சென்னினோ சென்னினி என்ற இத்தாலிய ஓவியரும் இதையே வேறுவகையில் அறிவுறுத்தினார்: இன்று ஒருவர், நாளை ஒருவர் என்று ஓடாமல், சிறந்த ஒரே ஆசானை நெடுநாள் பின்பற்ற வேண்டும், இயற்கை ஏதேனும் வரம் தந்திருந்தால் தனக்குரிய முறை தானே வந்துசேரும்.

அந்தக் கைநூலை ஆங்கிலத்தில் பெயர்த்து 1899-இல் வெளியிட்டவர் கிறிஸ்டியானா ஹெரிங்ஹாம் என்ற ஆங்கில ஓவியப் பெண்மணி. அவரே 1909 முதல் 1911 வரையிலான குளிர்காலங்களில் அஜந்தாவுக்கு வந்து, சிதைந்துகொண்டிருந்த சுவரோவியங்களைப் படியெடுத்தார். இளைஞரான நந்தலால் போஸும் அப்பணியில் சேர்ந்தார். அவரை அங்கே போகத் தூண்டியவர்களுள் சகோதரி நிவேதிதையும் ஒருவர். வௌவால் நாற்றமும் அரையிருளும் நிறைந்த குகைகளில் பிறர் கோட்டைப் பின்தொடர்ந்த அந்த இளைஞர்தான் பின்னாளில் சாந்திநிகேதனின் பெரும் ஆசான் ஆனார். முன்பு அங்கே ராபர்ட் கில் என்பவர் இருபதாண்டுகள் உழைத்து எடுத்த படிகளில் பெரும்பாலானவை 1866-இல் லண்டனில் தீக்கிரையாயின. உழைப்பின் பயன் பொருளாக நிற்கும் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை.

முதுமை நெருங்கியபின் படியெடுப்பதும் உண்டு. ரூபென்ஸ் 1628-இல் மத்ரித் நகருக்குப் போனபோது அவருக்கு வயது 51. ஐரோப்பா முழுவதும் அறிந்த ஓவியர். அங்கே டிஷியன் தீட்டிய ஆதாம் ஏவாள் படத்தின்முன் அமர்ந்து மாணவரைப்போல் படியெடுத்தார். அதில் மூலத்தில் இல்லாத ஒரு கிளி இருக்கிறது. ஆதாம் இன்னும் சற்று முன்னே சாய்கிறார். இரண்டு படங்களும் இன்று பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ளன. அதே அருங்காட்சியகத்தில் இருந்த மோனாலிசா படி ஒன்றைச் செப்பனிட்டு ஆராய்ந்தபோது, 2012-இல் ஓர் உண்மை வெளியாயிற்று. லியோனார்டோ தம் பலகையில் செய்த திருத்தங்கள் இதன் அடிக்கோடுகளிலும் அப்படியே இருந்தன. ஆசான் கோட்டை மாற்றியபோதெல்லாம் அருகில் இருந்த மாணவரும் மாற்றியிருக்கிறார். முடிந்த படத்தைப் பார்த்துப் படியெடுப்பவருக்குக் கிடைக்காத பேறு அது: ஆசானின் தயக்கங்களையும் கற்றுக்கொள்வது.

விதெர்போ பலகையிலும் அத்தகைய தயக்கங்கள் உண்டு. ஆனால் அவை முன்பக்கத்தில் இல்லை. பின்பக்கத்து மரத்தில் கரியால் வரைந்த பயிற்சிக் கோடுகள் இருக்கின்றன. அவற்றுள் சில மைக்கலாஞ்சலோவின் கையாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நிலவைப் பார்க்க வந்தவர்கள் முன்னால் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

பல மாதங்களுக்குப் பின் நம் மாணவரின் நகலும் ஒருவாறு முடிகிறது. நிலவு வானத்தில் நிற்கிறது. தாடை இன்னும் சற்றுக் கூர்மையாகவே இருக்கிறது. அவர் கான்வாசைத் திருப்புகிறார். பின்புறச் சட்டத்தில் முதலில் 'செபாஸ்தியானோ தெல் பியோம்போவின் ஓவியத்தைப் பார்த்து' என்று எழுதுகிறார். அதன் கீழே, சிறிய எழுத்தில், தம் பெயரையும் ஆண்டையும் எழுதிவிட்டு, மை காய்வதற்காகச் சுவரோடு சாய்த்து வைக்கிறார்.